ஃபேஷன், சினிமாப் பேட்டிகளை வைத்தே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மெயில் எழுதிவிடுவேன். பையர் (எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்) வீடியோ காலில் வந்து சும்மா நாலு வார்த்தை பேசினால் எனக்கு வாயே வருவதில்லை. ஹாலிவுட் நடிகைகளின் ஃபேஷன் பேட்டி, சினிமாப் பேட்டி என்றால் உயிர். தினமும் பார்க்கிறேன். சப்டைட்டில் இருந்தால் புரிகிறது, எடுத்தால் போய்விடுகிறது. இதை வைத்தே பேச்சு ஆங்கிலம் கற்க முடியுமா? எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

பதில்: முடியும். ஆனால் இப்போது பார்க்கிற மாதிரியே பார்த்தால் வராது. சப்டைட்டில் ஓடும்போது நீங்கள் கேட்கவில்லை, வாசிக்கிறீர்கள். வாசிப்பு உங்களுக்கு ஏற்கெனவே வரும், அதனால்தான் மெயிலில் சிக்கல் இல்லை. காதுக்கும் வாய்க்கும் வேலை கொடுக்காமல் எத்தனை பேட்டி பார்த்தாலும் அந்த நடிகையின் வாழ்க்கை வரலாறுதான் மனப்பாடம் ஆகும்.

முதலில் எதை விட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கம்பளப் பேட்டிகள். ஆஸ்கர் வாசலிலும், நியூயார்க்கின் ஃபேஷன் விழாவான மெட் காலா படிக்கட்டிலும் மைக்கை நீட்டிக் கேட்கிறார்களே, அவை. 1990களில் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் பிரபலமாக்கிய ‘ஹூ ஆர் யூ வேரிங்?’ என்ற கேள்விதான் அங்கே இன்னமும் ஓடுகிறது. பதில் ஒரு டிசைனர் பெயர், அதோடு சரி. நடிகைகளே இதில் சலித்துப்போய்த்தான், ‘ஆஸ்க் ஹெர் மோர்’ என்ற இயக்கம் கிளம்பி, 2015 ஆஸ்கர் சமயத்தில் ரீஸ் விதர்ஸ்பூன் அதைக் கையில் எடுத்தார். பின்னால் கூச்சல், கேமரா சத்தம், ஒரு நிமிஷம்கூட நீடிக்காத பேச்சு. இதை ரசிக்கலாம், இதை வைத்துக் கற்க ஒன்றும் பெரிதாக இல்லை. வோக் பத்திரிகையின் ‘73 கேள்விகள்’ வரிசையும் (2014ல் சாரா ஜெசிகா பார்க்கரோடு தொடங்கியது) கிட்டத்தட்ட இதே கதிதான். வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே டக் டக்கென்று பதில் வரும். அது முன்கூட்டியே திட்டமிட்ட நாடகம். அதில் பயன்படுவது கேள்விகள் மட்டுமே. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது, ஒரு ஆள் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிற பேட்டி. அதே வோக்கில் ‘லைஃப் இன் லுக்ஸ்’ என்றொரு வரிசை உண்டு. பழைய படங்களைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த உடையை ஏன் போட்டேன், யார் தேர்ந்தெடுத்தார், அன்றைக்கு என்ன ஆச்சு என்று அவரே சொல்லிக்கொண்டு போவார். சினிமாவுக்கு இதே மாதிரி ஜிக்யூ பத்திரிகையில் நடிகர்கள் தங்கள் பிரபலமான கதாபாத்திரங்களைப் பற்றி ஒவ்வொன்றாகப் பேசும் வரிசை. கேள்வி கேட்பவர் குறுக்கே வருவதில்லை, சத்தம் இல்லை, முழுக்க முழுக்கப் பழைய கதை. நீங்கள் பையரிடம் ‘போன ஸாம்பிளில் என்ன நடந்தது’ என்று சொல்லத் திணறுகிறீர்கள் அல்லவா, அந்த இடத்துக்குத் தேவையான வாக்கியங்கள் எல்லாம் இங்கேதான் கிடைக்கும்.

அடுத்து, யாரும் சொல்லித்தராத ஒரு வசதி. படம் வெளியாகும் முன் ஸ்டுடியோக்காரர்கள் ஒரு ஹோட்டலில் அறை போட்டு நடிகரை உட்கார வைத்துவிடுவார்கள். நிருபர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஐந்து பத்து நிமிஷம் கேட்டுவிட்டுப் போவார்கள். இதற்குப் பெயர் ஜங்கெட். அதே வாரம் டிவியின் ராத்திரி நேரப் பேட்டி நிகழ்ச்சிகளுக்கும் அந்த நடிகர் போவார். எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே கேள்வி, அதே பதில். ரசிகர்களுக்கு இது எரிச்சல். உங்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. 2013 ஆஸ்கரில் ஜெனிஃபர் லாரன்ஸ் விருது வாங்கப் போகும்போது டியோர் கவுனோடு படிக்கட்டில் விழுந்தாரே, அதைப் பற்றி அவர் எத்தனையோ பேட்டிகளில் பேசியிருக்கிறார். கதை உங்களுக்குத் தெரியும், அதனால் அர்த்தத்துக்காகக் காது மெனக்கெட வேண்டாம். ஒரே நிகழ்ச்சியை ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் எந்தச் சொல்லை மாற்றிச் சொல்கிறார், எதை மாற்றாமல் சொல்கிறார் என்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். மாறாமல் வருவது எதுவோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே புதிது புதிதாகப் பேட்டி தேடாதீர்கள். ஒரு நடிகை, ஒரு படம், அதற்காக அவர் கொடுத்த மூன்று பேட்டி. ஒவ்வொன்றிலும் ஒரே கதை வரும் இரண்டு நிமிஷத் துண்டு. ஒரு வாரத்துக்கு அது போதும்.

எதைக் கவனிப்பது என்று கேட்பீர்கள். இந்த மாதிரிப் பேட்டிகளில் வருகிற தோரணையில் நானே ஒரு துண்டு எழுதித் தருகிறேன். யாருடைய பேச்சும் அல்ல இது:

‘ஸோ, த ஃபிட்டிங் வாஸ், லைக், த்ரீ டேஸ் பிஃபோர் த பிரீமியர். அண்ட் ஐ புட் இட் ஆன், அண்ட் த ஸிப் ஜஸ்ட் வுடன்ட் கோ அப். அண்ட் ஐம் லுக்கிங் அட் மை ஸ்டைலிஸ்ட், அண்ட் ஷீஸ் லைக், டோன்ட் பிரீத். ஸோ ஐ எண்டட் அப் ஸ்டாண்டிங் த ஹோல் நைட்.’

கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதை நம்மில் பலரால் இப்படிச் சொல்ல முடியாது. ‘தி ஸிப் வாஸ் நாட் குளோஸிங்’ என்போம். தப்பில்லை, ஆனால் உயிரும் இல்லை. ‘வுடன்ட் கோ அப்’ என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். இலக்கண வகுப்பில் ‘வுட்’ என்றால் மரியாதை, நிபந்தனை என்று படித்திருப்போம். இங்கே அது ஜிப்பின் பிடிவாதம். ‘ஜிப் ஏறவே மாட்டேன்னுடுச்சு’ என்று நாம் சொல்கிறோமே, அதேதான். ‘த மெஷின் வுடன்ட் ஸ்டார்ட்’, ‘த டை வுடன்ட் ஹோல்ட்’ (சாயம் நிற்கவே மாட்டேனென்றது) என்று உங்கள் வேலைக்கும் அப்படியே வரும்.

அடுத்து காலம். ‘வுடன்ட் கோ அப்’ வரை இறந்தகாலம். சுவாரசியமான இடம் வந்ததும் ‘ஐம் லுக்கிங்’ என்று நிகழ்காலத்துக்குத் தாவிவிடுகிறாள். இதைப் பார்த்துக் குழம்பிப்போய், டென்ஸ் தப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நாம் மட்டும் என்ன செய்கிறோம்? ‘நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், ஒருத்தன் வர்றான், வந்து என்னையே பாக்கிறான்’ என்றுதானே கதை சொல்கிறோம். கதை சொல்லும்போது தமிழில் எங்கே தாவுவீர்களோ அங்கேயே ஆங்கிலத்திலும் தாவலாம். பள்ளிக்கூடத்தில் இதற்குச் சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள், அது எழுத்துக்கு. பேச்சுக்கு அந்தச் சட்டம் இல்லை.

‘ஷீஸ் லைக்’ என்பதும் நமக்கு அந்நியம் இல்லை. ‘அவ என்னடான்னா, மூச்சு விடாதேங்கிறா’ என்பதில் வரும் அந்த ‘என்னடான்னா’ செய்கிற வேலையை இது செய்கிறது. அவள் அச்சு அசலாக அந்தச் சொற்களைச் சொன்னாள் என்று அர்த்தமில்லை, அந்த பாவனையில் இருந்தாள் என்பதும் இதில் அடக்கம். அதற்கு முன்னால் ‘லைக், த்ரீ டேஸ்’ என்று வருவது வேறு லைக். சுமார் மூன்று நாள். இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகினாலே இளவயதுப் பேட்டிகளில் பாதி மூட்டம் விலகிவிடும். கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்து நடிகை மைத்ரேயி ராமகிருஷ்ணனின் பேட்டி ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், இந்த வகை வேகப் பேச்சு தாராளமாகக் கிடைக்கும். ‘எண்டட் அப்’ கடைசியில் வருகிறது. திட்டமிடாமல், வேறு வழியில்லாமல் போய் முடிந்தது என்பதை இரண்டே சொல்லில் அடக்கிவிடுகிறது. ‘வீ எண்டட் அப் ஷிப்பிங் பை ஏர்.’ இந்த வாக்கியத்தின் வலி உங்களுக்குத் தெரியாததா?

இனி காது. சப்டைட்டிலை எடுத்தால் ஏன் போய்விடுகிறது? தமிழில் எழுதிய எழுத்தெல்லாம் ஏறத்தாழ அதனதன் மாத்திரையில் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு இரண்டு மூன்று இடத்தில்தான் அழுத்தம், மற்றவை நசுங்கிப்போகும். ‘வாட் ஆர் யூ கோயிங் டு வேர்’ என்று ஆறு சொல்லை எதிர்பார்த்துக் காது காத்திருக்கும். வருவதோ ‘வாடயாகன வேர்’. ‘புட் இட் ஆன்’ அமெரிக்க வாயில் ‘புடிடான்’. ‘கைண்ட் ஆஃப்’ என்பது ‘கைண்டா’. சொல் தெரியாததால் அல்ல, சொல்லின் இந்த முகம் தெரியாததால்தான் தவறவிடுகிறோம். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. முதல் முறை சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள். இரண்டாம் முறை ஆங்கிலச் சப்டைட்டிலோடு, எங்கே ஏமாந்தோம் என்று பார்க்க. தமிழ்ச் சப்டைட்டில் வேண்டவே வேண்டாம். பிறகு மறுபடி இல்லாமல். யூடியூபில் இடது அம்புக்குறி ஐந்து விநாடி பின்னால் போகும், ஜே விசை பத்து விநாடி. வேகத்தை முக்காலாகக் குறைக்கலாம், ஆனால் இரண்டு முறைக்கு மேல் அப்படிக் கேட்காதீர்கள், அது வேறொரு மொழியாகிவிடுகிறது. தானாக உருவாகும் சப்டைட்டில் நசுங்கிய இடங்களில் தப்பாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு கூடவே பேசுவது. அவர் பேசி அரை விநாடி பின்னால் நிழல் மாதிரி நீங்களும் அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில். இதை ஷேடோயிங் என்பார்கள். வீட்டில் சிரிப்பார்கள், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். குறிப்பிட்ட ஒரு சொல்தொடர் மட்டும் காதில் ஏறவில்லை என்றால் யூக்ளிஷ் என்ற தளத்தில் தட்டிப் பாருங்கள். பலபேர் அதைச் சொல்லும் வீடியோத் துண்டுகளை வரிசையாகக் காட்டும். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று உச்சரிப்பு வாரியாகப் பிரித்தும் கேட்கலாம்.

உச்சரிப்பு விஷயத்தில், உங்கள் பையர் எந்த ஊரோ அந்த ஊர்க் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் என்றால் கலிஃபோர்னியாக்காரியான ஜெண்டாயா தெளிவாகப் பேசுவார். இங்கிலாந்து என்றால் ஆக்ஸ்ஃபர்டில் பிறந்த ஃப்ளோரன்ஸ் பியூ. மார்கோ ராபியின் ஆஸ்திரேலியப் பேச்சும், கில்லியன் மர்ஃபியின் கார்க் நகரத்து ஐரிஷ் பேச்சும் கேட்க எனக்குப் பிடிக்கும், ஆனால் தொடக்கத்துக்குச் சொல்ல மாட்டேன். ஐரோப்பியப் பையர்களாக இருந்தால் பெனலோபி க்ரூஸ், அனா டி அர்மாஸ் போல ஆங்கிலத்தைப் பின்னால் கற்றுக்கொண்டவர்களையும் கேளுங்கள். அவர்களிடம் வேறொரு பாடமும் இருக்கிறது: சொல் கிடைக்காதபோது எப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறார்கள், எப்படிச் சிரித்துச் சமாளிக்கிறார்கள் என்பது. கொரிய இசைக்குழுவான பிடிஎஸ்ஸின் ஆர்எம் ஓர் அமெரிக்கச் சிரிப்புத் தொடரைப் பார்த்தே ஆங்கிலம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். தாய்மொழிக்காரர் போலப் பேச வேண்டும் என்ற கனவு ஒரு சுமை. 2009 ஆஸ்கர் மேடையில் பெனலோபி க்ரூஸ் தன் ஏற்புரையின் கடைசியில் ஸ்பானிஷுக்கு மாறினார். அதே இரவில் ஏ.ஆர்.ரகுமான் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்றார். அதனால் இரண்டு பேருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஃபேஷன் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஃபிட், டிரிம், வாஷ் எல்லாம் எனக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். அமெரிக்கரின் பேன்ட்ஸ் இங்கிலாந்துக்காரருக்கு உள்ளாடை என்பதும் ஏற்றுமதிக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. உங்களுக்கு விடுபட்டிருப்பது உடையைச் சுற்றி நடக்கும் பேச்சு. அதில் முதலாவது, பாராட்டு.

அமெரிக்கர்கள் வணக்கம் சொல்வது போலப் பாராட்டுவார்கள். ஜோன் மேன்ஸ், நெஸ்ஸா உல்ஃப்சன் என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கர்களின் பாராட்டுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலானவை மூன்றே வாக்கிய அமைப்புக்குள் அடங்கிவிட்டன. ‘யுவர் டிரெஸ் லுக்ஸ் கிரேட்’, ‘ஐ லவ் யுவர் டிரெஸ்’, ‘தட்ஸ் எ நைஸ் டிரெஸ்’. அவ்வளவுதான். ஆக, பாராட்டைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. நமக்குக் கஷ்டம் அதை வாங்கிக்கொள்வதில். ‘புடவை நல்லாருக்கே’ என்றால் ‘ஐயோ, இது பழசு’ என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். அதை ஆங்கிலத்தில் சொன்னால் எதிராளிக்குச் சங்கடம், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். பேட்டிகளில் கவனியுங்கள்: முதலில் நன்றி, உடனே அந்த உடையைப் பற்றி ஒரு சின்னத் தகவல். ‘தேங்க் யூ! இட் ஹாஸ் பாக்கெட்ஸ்!’ என்பது பெண்களிடம் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அந்தத் தகவல்தான் அடுத்த பேச்சுக்குப் படி. ‘தேங்க் யூ, இட் வாஸ் மை மதர்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் கட்டாயம் இன்னொரு கேள்வி கேட்பார்.

இரண்டாவது, பதில் சொல்லாமல் பதில் சொல்வது. மார்வெல் நடிகர்களைப் பாருங்கள், கதையை வெளியே சொன்னால் தொலைந்தார்கள். (மார்க் ரஃபலோ 2017ல் ஒரு படத்தின் முதல் காட்சியின்போது இன்ஸ்டாகிராம் நேரலையை அணைக்க மறந்து, படத்தின் தொடக்கத்தை ஊருக்கே கேட்க வைத்தார்.) அதனால் ‘ஐ கான்ட் ரியலி ஸ்பீக் டு தட்’, ‘ஆல் ஐ கேன் ஸே இஸ்’, ‘தட்ஸ் எ குட் க்வெஸ்சன்’ என்று அவர்கள் நேரம் கடத்துவதில் கைதேர்ந்தவர்கள். ஷிப்மென்ட் தேதியை இன்னும் முதலாளி சொல்லாத நிலையில் பையர் கேட்கும்போது இவை எல்லாம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் பேட்டியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நட்சத்திரம் பதில் சொல்லுமே தவிரக் கேட்காது. வாழ்க்கையில் நாம் கேட்கவும் வேண்டும். ஆகவே பாதி நாள் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கேட்பவரைக் கவனியுங்கள். பிபிசியில் 2007லிருந்து நடத்திவரும் கிரஹாம் நார்ட்டன் எல்லா விருந்தினரையும் ஒரே சோஃபாவில் உட்கார வைப்பார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ‘நோ வே’, ‘டிட் யூ ரியலி?’, ‘ஸோ வாட் டிட் யூ டூ?’ என்று இடையில் போடும் துண்டுகள் இருக்கிறதே, பேச்சை உயிரோடு வைத்திருப்பது அவைதான். நாம் ‘ஓகே ஓகே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது போனை வைக்கச் சொல்வது போல ஒலிக்கிறது. நிதானமான குரல் வேண்டுமென்றால் பிபிசி வானொலியின் ‘டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’, 1942லிருந்து வருகிறது. ஆளில்லாத தீவுக்குப் போனால் எந்த எட்டு இசைத்தட்டைக் கொண்டுபோவாய் என்று கேட்டுக் கேட்டே முழு வாழ்க்கையையும் வாங்கிவிடுவார்கள். அமெரிக்க வானொலியில் டெர்ரி கிராஸின் ‘ஃப்ரெஷ் ஏர்’. அதன் எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது, சப்டைட்டிலை விட நம்பகமானது.

கடைசியில் வாய். அந்த 73 கேள்விகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அவற்றுக்கு இப்போது வேலை. நாளுக்கு ஒரு கேள்வி எடுத்து, போனில் ரெக்கார்ட் செய்து, ஒரு நிமிஷம் பதில் சொல்லுங்கள். எழுதிப் படிக்கக் கூடாது. பாடகி பில்லி ஐலிஷ் 2017லிருந்து பல ஆண்டுகள், அக்டோபர் 18ஆம் தேதியன்று, வேனிட்டி ஃபேர் பத்திரிகைக்கு அதே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார். பழைய பதிலைப் போட்டுக் காட்டுவார்கள், அவர் தலையில் அடித்துக்கொண்டு ‘ஐ யூஸ்ட் டு’ என்று தொடங்குவார். அந்த வீடியோக்களை ஒரே மூச்சில் பாருங்கள், காலங்களைப் பற்றி இலக்கணப் புத்தகம் சொல்வதெல்லாம் முகத்தோடும் குரலோடும் வந்து நிற்கும். நீங்களும் மாதம் ஒருமுறை அதே கேள்விக்குத் திரும்பப் பதில் சொல்லி, பழையதோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். ‘உன் அலமாரியில் இருப்பதிலேயே பழைய உடை எது?’ என்ற கேள்வியில் தொடங்கலாம். அம்மாவின் முகூர்த்தப் புடவையைச் சொல்ல ஆரம்பிப்பீர்கள், ‘சரிகை மங்கிவிட்டது, ஆனாலும் தூக்கிப்போட மனசில்லை’ என்ற இடத்தில் நின்றுவிடுவீர்கள். நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பேட்டியில் யாராவது ‘ஐ கான்ட் பிரிங் மைஸெல்ஃப் டு த்ரோ இட் அவே’ என்று சொல்வார்கள், அது உங்கள் காதில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

எடுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. ‘ஐம் அப்ஸெஸ்ட்’, ‘ஐம் டையிங்’, ‘லிட்டரலி’ எல்லாம் சிவப்புக் கம்பளத்துக்குப் பொருந்தும், லேப் டிப் (சாயத்தின் மாதிரித் துண்டு) அப்ரூவலுக்குப் பொருந்தாது. காரமான கோழி இறக்கையைத் தின்னவைத்துக் கேள்வி கேட்கும் ‘ஹாட் ஒன்ஸ்’ எனக்கு ரொம்பப் பிடித்த நிகழ்ச்சி, கேள்விகள் அருமையாக இருக்கும். ஆனால் காரம் ஏற ஏற வாயில் வரும் சொற்கள் ஆபீசுக்கு ஆகாதவை. எது கெட்ட வார்த்தை, எது வெறும் வேகம் என்று பிரிக்கத் தெரியும்வரை ஓசையை மட்டும் ரசியுங்கள்.

அடுத்த காலில் பையர் திரையில் வந்ததும் ஃபைலைத் திறக்காமல், ‘ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?’ என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். அவர் ஏதாவது சொல்வார். ‘ஓ நைஸ், வாட் வாஸ் தட் லைக்?’ என்று ஒன்று போடுங்கள். மீதி இரண்டு நிமிஷத்தை அவரே பேசிவிடுவார்.